வெளிப்படுத்தலில் தொடங்காதீர்கள்

பிளஸ் டூ தேர்வு முடிந்து முடிவுக்காகக் காத்திருக்கும் ஏப்ரல், மே மாதங்களில் காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் சில வீடுகளில் ஒரே பேச்சுதான். பையன் சும்மாதானே இருக்கிறான், மூன்று மாத பைபிள் கோர்ஸ் ஒன்றில் சேர்த்துவிடலாமா? கைக்குழந்தையாக இருந்தபோது கடுங்காய்ச்சல் கண்டவனாக இருப்பான். 'பிழைத்தால் ஊழியத்துக்கு' என்று அம்மா பொருத்தனை செய்திருப்பார். இன்னொரு பக்கம், கூட்டாளிகள் எல்லோரும் போகிறார்கள் என்பதற்காகவே தீர்க்கதரிசன வகுப்புக்குக் கிளம்பும் பிள்ளைகள். ஓய்வுநாள் பள்ளியில் பல காலம் பாடம் எடுத்தவன் என்பதால் இரு தரப்பையும் அருகிலிருந்து பார்க்கிறேன். மாற்கு சுவிசேஷத்தை ஒருமுறைகூட முழுதாக வாசிக்காதவர்கள் வெளிப்படுத்தலில் வரும் 666க்கு விளக்கம் சொல்வதைக் கேட்டுக் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

ஞாயிறு பிரசங்கம், வீட்டு ஜெபக்கூட்டம், கத்தோலிக்கர்களுக்கு அன்பியம், மே மாதத்து விடுமுறை வேதாகமப் பள்ளி (வி.பி.எஸ்.) என எல்லாம் உங்கள் தெருவிலேயே இருக்கின்றன. போய்க்கொண்டே இருங்கள், அவற்றைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மொழிபெயர்ப்பைப் பற்றியும் ரொம்பக் குழம்ப வேண்டாம். சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே வீடுகளில் இருப்பது பெரும்பாலும் ஹென்றி பவர் தலைமையிலான குழு திருத்தி 1871இல் வெளிவந்த பழைய பதிப்பின் வழி வந்தது, 66 நூல்கள். ராயப்பர் கோயிலுக்குப் போகிறவர்கள் வீட்டில் 1995இல் வந்த திருவிவிலியம் இருக்கும், 73 நூல்கள். எனக்குப் பழையதன் ஓசைதான் காதில் நிற்கிறது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் திருவிவிலியத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டால், சிக்கலான இடங்களில் பொருள் சட்டென்று பிடிபடும். சண்டை போடும் விஷயமில்லை இது.

பைபிள் காலேஜ் பற்றி ஒரு வார்த்தை. கீழ்ப்பாக்கம் குருக்குல் போன்ற இடங்களில் செராம்பூர் பல்கலைக்கழகத்தின் இறையியல் பட்டத்துக்குப் பல ஆண்டுகள் படிக்க வேண்டும். எபிரெயமும் கிரேக்கமும் அங்கே பாடம். அது ஒரு தொழிற்கல்வி. மூன்று மாதச் சான்றிதழோ, ஏற்கெனவே வாசித்தவனுக்கு ஓர் ஒழுங்கைத் தரும். வாசிக்காதவனுக்குச் சட்டம் போட்டு மாட்ட ஒரு காகிதத்தைத் தரும். பொருத்தனை செய்தவர் அம்மா. அதை நிறைவேற்ற வேண்டியவரும் அவர்தான், பதினேழு வயதுப் பையன் இல்லை.

இனி, வெளிப்படுத்தலை வைத்து நடக்கும், எல்லோரும் மேலே தூக்கிவைக்கும் அந்தத் தீர்க்கதரிசன வகுப்புக்கு வருகிறேன். சுவர் அகலத்துக்குத் துணியில் வரைந்த கால அட்டவணை, ஏழு முத்திரை, ஏழு எக்காளம், ஏழு கலசம், அந்திக்கிறிஸ்து யார் என்ற யூகம். சினிமா போல விறுவிறுப்பாக இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விசைப்படகில் முதல் நாள் ஏறுகிற பையனிடம் எவரும் சுக்கானைக் கொடுப்பதில்லை. வெளிப்படுத்தின விசேஷத்தின் 22 அதிகாரங்களிலும் பழைய ஏற்பாட்டின் நிழல் விழாத பக்கமே கிடையாது. ஆனாலும் 'இதோ இங்கிருந்து எடுத்தேன்' என்று நூலாசிரியர் எங்கும் சொல்வதில்லை. பதினாறாம் அதிகாரத்துக் கலசங்களில் வரும் கொப்புளம், இரத்தமான தண்ணீர், இருள், தவளை, கல்மழை எல்லாம் யாத்திராகமத்தில் எகிப்தின்மேல் வந்த வாதைகள். யாத்திராகமம் படிக்காதவனுக்கு அது வெறும் பயங்கரம். படித்தவனுக்கோ, அடிமைகளை விடுவித்த பழைய கதை ரோமப் பேரரசின் காலத்தில் மறுபடி சொல்லப்படுவது தெரியும். முதல் வாசகர்கள் இன்றைய துருக்கியில் இருந்த ஏழு சபையார். பேரரசனை வணங்கச் சொன்ன ஊர்களில் வாழ்ந்தவர்கள். அவர்களை மறந்துவிட்டு நம் காலத்துச் செய்தித்தாளை வைத்துப் படித்தால் எதையும் எதனோடும் ஒட்டலாம். ஒட்டியும் இருக்கிறார்கள். 1986இல் செர்னோபில் வெடித்தபோது 'எட்டி' என்னும் நட்சத்திரம் அதுதான் என்றார்கள். பார்கோடு வந்தபோது 666, ஆதார் வந்தபோது 666, கொரோனா தடுப்பூசி வந்தபோதும் 666.

நம் கரையையும் விடவில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்கு எட்டாம் அதிகாரத்தைக் காட்டினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர் முகத்துவாரத்தில் பரவி, படகும் வலையும் கறுத்து, மீன் செத்து மிதந்தபோது, கடல் உயிர்களில் மூன்றில் ஒரு பங்கு சாகும் என்ற அதே பகுதி வாட்ஸ்அப்பில் சுற்றியது. அந்த எண்ணெய்க்கு எக்காளம் ஊதிய தூதன் எவனும் பொறுப்பில்லை. அது பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து விசாரித்த வழக்கு. நஷ்டஈடு கேட்டு நிற்கும் மீனவனிடம் 'இது கடைசிக் காலம்' என்று சொல்வது வேத அறிவும் ஆகாது, ஆறுதலும் ஆகாது.

கிறிஸ்துவின் வருகைக்கு நாள் குறித்தவர்கள் கதையும் தெரிந்ததுதான். வில்லியம் மில்லரின் இயக்கத்தார் 1844 அக்டோபர் 22க்குக் காத்திருந்தார்கள். ஹெரால்டு கேம்பிங் 2011 மே 21 என்றார். இரண்டு நாளும் சாதாரணமாக விடிந்தன. பெரியவர்கள் இந்த நூலைத் தொடவே தயங்கியிருக்கிறார்கள். லூத்தர் 1522 முன்னுரையில் தம் அதிருப்தியை மறைக்கவில்லை. புதிய ஏற்பாட்டின் பெரும்பகுதிக்கு விரிவுரை எழுதிய கால்வின் இதற்கு எழுதவில்லை. கிரேக்க ஆர்த்தடாக்ஸ் சபையின் வழிபாட்டு வாசிப்பு வரிசையில் இன்றும் இது கிடையாது. நம் தெருவில் மட்டும் இது முதல் பாடமாம்!

சரி, எங்கே தொடங்குவது? மாற்கு சுவிசேஷத்தில். பதினாறே அதிகாரம், ஒன்றரை மணி நேரத்தில் வாய்விட்டு வாசித்து முடிக்கலாம். முதல்முறை ஒரே மூச்சில் வாசியுங்கள், எதையும் கோடிட வேண்டாம். இரண்டாம் முறை நோட்டும் பென்சிலும் எடுங்கள். யார் யாரிடம் பேசுகிறார், இதற்கு முன் என்ன நடந்தது, எந்த ஊர் என்பதை மட்டும் குறியுங்கள். பிறகு ஆதியாகமம், யாத்திராகமத்தின் முதல் பாதி, கொஞ்சம் சங்கீதம், அப்போஸ்தலர். புரியாத சொல் வந்தால் ஒத்துவாக்கியத்தில் அதே சொல் வேறெங்கே வருகிறது என்று தேடுங்கள். விளக்கவுரைக்கு அப்புறம் போகலாம். தனி வசனத்தைப் பிய்த்தெடுக்காதீர்கள். புத்தாண்டு வாக்குத்தத்த அட்டையில் அடிக்கடி வரும் எரேமியா 29:11, பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோனவர்களுக்கு எழுதிய கடிதம். எழுபது வருஷம் ஆகும் என்று அதற்கு முந்தைய வசனமே சொல்கிறது. அட்டையில் அது இருக்காது.

செல்போனில் படிக்கலாமா என்று கேட்கிறார்கள். படிக்கலாம், நான் படிக்க மாட்டேன். பாதி அதிகாரத்தில் மெசேஜ் வந்தால் பவுலா நண்பனா என்ற போட்டியில் பவுல் தோற்றுவிடுவார்.

ஒவ்வொருவருக்கும் ஒரு வழி பொருந்தும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறுகிறவர் ஒலிப்பதிவில் கேட்கட்டும். எழுத்தே தெரியாமல் சங்கீதங்களை வரிசையாகச் சொல்லும் பாட்டிமார் பழைய வண்ணாரப்பேட்டையில் இருந்தார்கள். கேள்வி கேட்டே கற்கிறவன் தனியாக உட்காரக் கூடாது, குழுவுக்குப் போக வேண்டும். நைட் ஷிஃப்ட் போகிறவர், அதிகாலை எழுந்து வாசித்தால்தான் பக்தி என்று யாரும் சொன்னால் கேட்க வேண்டாம். வேலைக்குக் கிளம்புமுன் சாயங்காலம் கால் மணி நேரம் போதும். லேவியராகமத்தில் தூக்கம் வருகிறதா? வரட்டும், தாண்டிப் போங்கள். சில வருஷம் கழித்து எபிரெயர் நிருபம் படிக்கும்போது நீங்களாகவே அதைத் தேடித் திரும்பி வருவீர்கள்.

கடலோர வீட்டுப் பிள்ளைகளுக்கு இன்னொன்று. அப்போஸ்தலர் 27ஐ எடுத்துக்கொண்டு, கடலுக்குப் போகும் மாமாவிடமோ துறைமுகத்தில் வேலை பார்த்த தாத்தாவிடமோ உட்காருங்கள். 276 பேர் ஏறிய கப்பல், சுழல்காற்று, கயிறு விட்டு ஆழம் பார்க்கிறார்கள்: இருபது பாகம், கொஞ்சம் தள்ளிப் பதினைந்து. உடனே பின்பக்கம் நாலு நங்கூரம் இறக்குகிறார்கள். ஏன் முன்பக்கம் இறக்கவில்லை என்று கேளுங்கள். அதற்கு என்னைவிட அவர் நன்றாகப் பதில் சொல்வார்.