ஒரே மார்க்கத்தார் உறவினராவரோ?

தம் ஊரைத் துறந்து வேற்றூரிற் குடியேறுவோர், அங்கு முன்னரே வாழ்ந்துவரும் தம் மார்க்கத்தாரைத் தம் உறவினராகக் கருதுதல் வேண்டுமோ என்பது அறிஞர் பலரும் அடிக்கடி எழுப்பும் ஒரு வினா. வேண்டும் என்பார், ஒரே தெய்வத்தை வணங்குவோர் ஒரு குடும்பத்தினர் என்பர். வேண்டா என்பார், உறவு என்பது பழக்கத்தால் விளைவதேயன்றி வழிபாட்டால் விளைவதன்று என்பர். இரு திறத்தாரும் பொதுப்படப் பேசுவதால் வழக்கு முடிவுறாது நிற்கின்றது. ஆதலின் இவ்வினாவை ஓர் இடத்தின்கண் வைத்து ஆராய்தல் நலமென எண்ணி, நீலகிரி மாவட்டத்துத் தேவாலாவை ஈண்டு எடுத்துக்கொள்வோம்.

தேவாலா பந்தலூர் வட்டத்திலுள்ளதொரு சிற்றூர். தமிழ்நாட்டில் மிகுதியான மழை பெறும் இடங்களுள் ஒன்று. இதனைச் சூழ்ந்த பகுதி முன்னாளில் மலபாரைச் சேர்ந்த வயநாட்டின் ஒரு கூறாயிருந்து, 1877-ஆம் ஆண்டில் நீலகிரியோடு சேர்க்கப்பட்டது. அதன்பின் ஈராண்டுகளில் இங்குப் பொன் கிடைக்குமென்னும் செய்தி பரவ, இலண்டனில் பல கம்பெனிகள் எழுந்தன, சின்னாட்களில் வீழ்ந்தன. பொன்னாசை ஒழிந்த மலைச்சரிவுகளில் தேயிலை நிலைத்தது. பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் முதலிய பழங்குடியினரும் வயநாட்டுச் செட்டிமாரும் இம்மண்ணின் முன்னோர். மலபாரிலிருந்து மாப்பிள்ளை முஸ்லிம்களும், திருவிதாங்கூரிலிருந்து சிரியக் கிறிஸ்தவர்களும், சமவெளியிலிருந்து தமிழரும் பின்னர் வந்தோராவர். எனவே இவ்வூரில் வந்தேறியவரல்லாதார் சிலரே.

வந்தோருள்ளும் கடைசியில் வந்தோர் இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், சேலம் முதலிய இடங்களிலிருந்து காப்பித் தோட்டங்களுக்கும், பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் சென்ற கூலியாட்களின் வழித்தோன்றல்கள் இவர்கள். இலங்கையின் 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இவர்களுட் பெரும்பாலாரை நாடற்றோராக்கிற்று. 1964-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயகாவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கை, இவர்கள் தொகையை 9,75,000 எனக் கணித்து, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974-ஆம் ஆண்டில் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. தலைமன்னாரிற் கப்பலேறி இராமேசுவரத்திற் கரையிறங்கி, மண்டபம் முகாமைக் கடந்து வந்த குடும்பங்கள் பல. அவர்களுக்கு வேலையளிக்கும் பொருட்டு 1968-ஆம் ஆண்டில் வனத்துறையின்கீழ்த் தொடங்கப்பெற்ற அரசுத் தேயிலைத் திட்டம், 1976-இல் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. ஜனங்கள் அதனை டான்டீ என்பர். தேவாலா, சேரம்பாடி, சேரங்கோடு, நெல்லியாளம் முதலிய இடங்களில் அதன் தோட்டங்கள் எழுந்தன.

இவ்வாறு வந்தோருட் பெரும்பாலார் மாரியம்மனையும் முருகனையும் வழிபடும் இந்துக்கள்; சிலர் கிறிஸ்தவர்; ஏனையோருள் முஸ்லிம்களும் உளர். மூவகையாருக்கும் தத்தம் மார்க்கத்தார் இப்பகுதியில் முன்னரே இருந்தனர். மார்க்க ஒற்றுமை தானாகவே உறவை விளைவிக்குமாயின், அவர்கள் வந்த நாளிலேயே உறவினர் நடுவே வந்தோராயிருத்தல் வேண்டும். நிகழ்ந்தது அதுவன்று.

மாரியம்மன் அடியார் இந்து என்று பெயர் பெற்றவரே. நம்பாலாக்கோட்டையில் வேட்டைக்கொருமகனை வழிபடுவாரும் இந்து என்று பெயர் பெற்றவரே. மக்கட்தொகைக் கணக்கேட்டில் இருவரும் ஒரே பத்தியில் எழுதப்படுவர். ஆயினும் ஒருவர் திருவிழாவில் மற்றவர் அறியாத பாடலும், ஒருவர் சடங்கில் மற்றவர் விளங்காத மொழியும் உள. தமிழ் வேதாகமம் ஓதி வளர்ந்த தோட்டத்துக் கிறிஸ்தவர், மலையாளத்தில் ஆராதனை நிகழும் ஆலயத்தினுள் நுழைந்தால், சிலுவையை அறிவாரேயன்றிச் சொல்லை அறியார். ஒரே மொழி பேசும் தமிழர்கூட அவர்களைச் 'சிலோன்காரர்' என்று பிரித்துப் பெயரிட்டனர். இலங்கையில் இந்தியரென்று எண்ணப்பட்டோர் இந்தியாவிற் சிலோன்காரராயினமை அவர்கள் அடைந்த துன்பங்களுள் சிறியதன்று.

இந்நிலை தேவாலாவுக்கு மட்டும் உரியதென்று எண்ணற்க. 1923-ஆம் ஆண்டு ஜனவரியில் லோசானில் கிரேக்க நாடும் துருக்கியும் தம் குடிகளை மாற்றிக்கொள்ள ஓர் ஒப்பந்தம் செய்தன. யார் எந்நாட்டிற்குரியவர் என்பதை வரையறுக்க அவ்விரு அரசுகளும் மொழியைக் கொள்ளாது மார்க்கத்தையே அளவுகோலாகக் கொண்டன. துருக்கி மொழியன்றி வேறறியாத கிறிஸ்தவர்கள் அனத்தோலியாவின் உட்பகுதியிலிருந்து கிரேக்க நாட்டிற்கு அனுப்பப்பட்டனர்; கிரேக்கமே பேசிய கிரீட் தீவின் முஸ்லிம்கள் துருக்கிக்கு அனுப்பப்பட்டனர். முன்னவரைக் கிரேக்கர் 'துருக்கி வித்து' என்று இகழ்ந்தனர். பின்னவரைத் துருக்கியர் 'அரைக் காபிர்' என்றனர். ஒரே மார்க்கத்தார் என்பதற்காகவே ஓரிடத்திற் சேர்க்கப்பட்டவர், அம்மார்க்கத்தின் பெயராலேயே ஐயுறப்பட்டனர். அரசு ஏட்டில் எழுதிய உறவு தெருவிற் செல்லுபடியாகவில்லை.

நம் திருச்சபை வரலாறும் இதனையே கூறும். 1833-ஆம் ஆண்டில் பேராயர் தானியேல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை ஒழிதல் வேண்டுமென்று கட்டளையிட்டார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் ஒரே திருவிருந்தில் அப்பமும் இரசமும் பெற்ற விசுவாசிகளே அக்கட்டளையை எதிர்த்தனர். அவர்கள் தம்முள் அந்நியரல்லர். ஒரே ஊரினர், ஒரே மொழியினர், ஒரே ஞானஸ்நானத்தினர். அவ்வாறிருந்தும் பக்கத்தில் அமர மனமொப்பவில்லை. 1854-ஆம் ஆண்டளவில் இலங்கைத் தோட்டங்களில் ஊழியஞ்செய்யத் தமிழ்க் கூலி மிஷன் தோன்றியபொழுது, தோட்டத் துரைமார் பலர் அதற்குப் பொருளுதவி செய்தனர். துரையும் கூலியும் ஒரே கர்த்தரைத் தொழுத தோட்டங்கள் இருந்திருக்கும். துரையின் பங்களாவும் கூலியின் லயமும் ஒரு வீடாயின தோட்டம் இருந்ததில்லை.

இவற்றால் மார்க்க ஒற்றுமை பயனற்றதென்று முடிவு செய்யலாகாது. உறவு என்னும் சொல்லில் மூன்று பொருள்கள் அடங்கியுள்ளன. முதலாவது அறிமுகம்: முன்பின் அறியாதவனிடம் பேசத் தொடங்குவதற்கொரு வாயில். இரண்டாவது அன்பு: உள்ளத்தில் எழும் கனிவு. மூன்றாவது கடப்பாடு: உள்ளம் கனிந்தாலும் கனியாவிட்டாலும் செய்தே தீரவேண்டியது. ஒரே மார்க்கம் முதலாவதை எளிதிற் கொடுக்கும். மூன்றாவதைக் கட்டளையிடும். இரண்டாவதையோ கொடுக்கவும் மாட்டாது, கட்டளையிடவும் மாட்டாது. அது நாளடைவில் ஒருங்கு உழைத்தலாலும், ஒருங்கு துயருறுதலாலும், கொள்வினை கொடுப்பினையாலும் விளைவது. 'உறவுணர்ச்சி கொள்ளவேண்டுமோ' என்று கேட்போர் இம்மூன்றையும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றனர்.

கடப்பாடு முதலில் நின்றால் உறவு எவ்வாறு எழும் என்பதற்கு மதீனா நகரம் சான்று. 622-ஆம் ஆண்டில் மக்காவிலிருந்து வெறுங்கையராய் வந்த முஹாஜிர்களையும், மதீனாவின் அன்சாரிகளையும் நபிகள் நாயகம் ஒருவருக்கொருவராக இணைத்துச் சகோதரராக்கினார். அன்பு பாராட்டுங்கள் என்று பொதுப்படச் சொல்லி விட்டுவிடவில்லை. இன்னாருக்கு இன்னார் பொறுப்பு என வகுத்தார். அவ்வாறு இணைக்கப்பெற்ற சஃது இப்னு ரபீ என்பார் தம் செல்வத்திற் பாதியைக் கொடுக்க முன்வர, வந்தவராகிய அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் அதனை ஏலாது, கடைத்தெருவுக்கு வழிகாட்டினாற் போதும் என்றார் என்பது வரலாறு. ஈவோன் தன் கடனைச் செய்தான். வந்தோன் தன் மானத்தைக் காத்தான். இரண்டும் கூடியவிடத்தன்றோ உறவு உண்டாகும்! அன்றியும், அச்சகோதரருக்கு முதலில் அளிக்கப்பட்டிருந்த வாரிசுரிமை பின்னர் நீக்கப்பட்டு, இரத்த உறவினருக்கே உரியதாயிற்று. மார்க்க உறவு பிற உறவுகளை விழுங்க வேண்டுவதில்லை என்பதையும் இதனால் அறியலாம்.

இனி, வினாவைத் திருப்பிப் பார்ப்போம். குடியேறினோர் உறவுணர்ச்சி கொள்ளவேண்டுமோ என்று கேட்பது, பாரத்தைத் தாங்கமாட்டாதவன் தோளில் ஏற்றுவதாகும். வந்தவனுக்கு வீடில்லை, நிலமில்லை, அலுவலகத்திற் பேசத் தக்க ஆளில்லை. அவனை நோக்கி 'நீ எம்மை அன்பு செய்கின்றனையா?' என்று வினவுதல் தகாது. முன்னரே வேரூன்றியவனை நோக்கி 'உன் மார்க்கத்தான் வந்தானே, நீ என் செய்தாய்?' என்று வினவுதலே முறை. நல்ல சமாரியன் உவமையைப் படித்த மாணவர்க்கு இது புதிதன்று. வழியில் அடியுண்டு கிடந்தவனுக்கு ஆசாரியனும் லேவியனும் ஒரே மார்க்கத்தார், விலகிப் போயினர். வேறு மலையிற் தொழுபவனே காயங்கட்டிச் சத்திரத்துக்குப் பணமும் கொடுத்தான். அவ்வுவமையில் விழுந்து கிடந்தவனின் உணர்ச்சியைப்பற்றி ஒரு சொல்லும் இல்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

இவ்வுவமை மற்றோர் எச்சரிக்கையும் தருகின்றது. மார்க்கத்தையே உறவின் எல்லையாக்கினால், அவ்வெல்லைக்கு அப்பாலுள்ளவர் அந்நியராய்விடுவர். தேவாலாவில் பணியரும் காட்டுநாயக்கரும் தமக்கேயுரிய தெய்வங்களை உடையவர். வந்தோர் யாவரும், எம்மார்க்கத்தாராயினும், அவர்கள் வாழ்ந்த காட்டிலேயே குடியேறினர். 'எம்மவர்க்கு உதவினோம்' என்று மகிழ்வார், எவர் நிலத்தில் நின்று உதவினோம் என்பதையும் நினைத்தல் வேண்டும்.

இஃது ஏட்டளவிலான ஆராய்ச்சி மட்டுமன்று. 2022-ஆம் ஆண்டில் டான்டீயின் நிலங்களில் ஒரு பகுதியை வனத்துறைக்குத் திருப்பியளிக்க அரசு முடிவு செய்தபொழுது, ஓய்வுபெற்ற தொழிலாளர் குடியிருப்புகளை விட்டு எங்குச் செல்வது என்னும் அச்சம் எழுந்தது. இலங்கையில் ஒருமுறை வேர் பறிக்கப்பட்டோர்க்கு அது இரண்டாம் முறையாகத் தோன்றிற்று. அவர்தம் பிள்ளைகள் பலர் சாதிச் சான்றிதழ் பெறுவதற்கும் இடர்ப்பட்டதுண்டு. முன்னோர் புறப்பட்ட ஊரில் அவர்களை அறிவார் இல்லை. இத்தகைய வேளையில் 'நாமெல்லாம் ஒரே மார்க்கத்தார்' என்று மேடையிற் சொல்வதனாற் பயனில்லை. மனு எழுதிக் கொடுப்பவனும், அலுவலகத்திற்கு உடன் செல்பவனும், பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்திற்கு வழி தேடுபவனுமே உறவினன். அவன் அதே ஆலயத்தானாயின் நன்று. அல்லனாயின் அவன் ஆலயத்துக்கும் அதனால் இழுக்கில்லை.

எனவே நாம் துணியும் முடிவு இது. ஒரே மார்க்கம் அந்நியரை உறவினராக்கிவிடுவதில்லை. உறவினராவதற்குச் சாக்குச் சொல்ல இடமில்லாமற் செய்கின்றது. உணர்ச்சியை அது வந்தவனிடம் வேண்டாது, செயலை இருப்பவனிடம் வேண்டுகின்றது. அச்செயலைத் தன் மார்க்கத்தாரோடு தொடங்குவது இயற்கை. அவரோடு நிறுத்துவது பிழை.

மாணவ நண்பர்காள்! நும் வகுப்பில் மலைத்தோட்டத்திலிருந்து வந்து, பேச்சின் ஓசை வேறுபட்டமையாற் தனித்து அமர்ந்திருப்பார் இருக்கலாம். ஞாயிறு ஆராதனையில் நும் பக்கத்திலே நின்று பாடியவர், திங்கட்கிழமை உணவுக்கூடத்தில் தனியே உண்பதும் உண்டு. பட்டம் பெற்று வளைகுடா நாடுகளுக்கும் கனடாவுக்கும் சென்றுள்ள நம் பழைய மாணவர்களோ, அந்நிய நகரத்து ஆலய வாயிலிற் புதியவராய் நிற்பதன் பொருளை எழுத்தால் அறியவேண்டியவரல்லர். அவ்வாயிலில் தமக்குக் கைகொடுத்தவர் இன்னார் என்பது அவர்க்கு மறவாதிருக்கும். அக்கையை வேறொருவர்க்கு நாம் நீட்டும்பொழுதே, மார்க்கம் என்னும் சொல்லுக்கு வழி என்னும் அதன் பழம்பொருள் விளங்கும்.