பல் டாக்டரிடம் போகுமுன்

ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலர் பேஸ்ட்டைத் துப்பாமல் விழுங்கிவிடுவார்கள். நிலத்தடி நீரிலேயே ஃப்ளூரைடு மிகுந்த தர்மபுரி மாவட்டத்தில் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். 3 வயதுக்குள் அரிசி அளவு, 6 வயதுவரை பட்டாணி அளவு பேஸ்ட் போதும். வளர்ந்தும் துப்பப் பழகாத பிள்ளைக்கு எவ்வளவு என்று டாக்டரிடம் கேளுங்கள். குடிக்கவும் சமைக்கவும் போர் தண்ணீர் வேண்டாம். ஒகேனக்கல் குழாய்த் தண்ணீரைப் பிடித்து வையுங்கள். 2013-ல் தொடங்கிவைக்கப்பட்ட அந்தக் குடிநீர்த் திட்டமே, ஃப்ளூரைடு மிகுவதால் வரும் ஃப்ளூரோசிஸைக் குறைக்க வந்ததுதான். பல்லில் வெள்ளைத் திட்டு, பழுப்புக் கறை தெரிந்தால் உப்பு, கரி போட்டுத் தேய்க்காதீர்கள். ஃப்ளூரோசிஸ் கறை தேய்த்தால் போகாது, எனாமல்தான் போகும்.

துலக்கிவிடும்போது பின்னால் நின்று, பிள்ளையின் தலையை உங்கள் மார்பில் சாய்த்துக்கொள்ளுங்கள். இனிப்பு மருந்து சிரப் கொடுத்தால் பிறகு தண்ணீர் குடிக்க வையுங்கள்.

வலியைச் சொல்லத் தெரியாத பிள்ளை கன்னத்தில் அடித்துக்கொள்ளும், சோற்றைத் தள்ளிவிடும். ‘அடம்’ என்று முடிவுகட்டுமுன் வாயைப் பாருங்கள்.

கிளினிக்கில் கூட்டமில்லாத நேரத்தை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். முதல் நாள் நாற்காலியில் உட்கார்ந்து இறங்கினாலே பெரிய விஷயம். டாக்டர் அவசரப்பட்டாலும் நீங்கள் அவசரப்படாதீர்கள். விளக்குக் கூச்சத்துக்குக் கறுப்புக் கண்ணாடி, மிஷின் சத்தத்துக்கு ஹெட்ஃபோன் எடுத்துப்போங்கள்.

செலவுக்கு, தேசிய அறக்கட்டளையின் நிரமயா காப்பீடு எல்லாச் சிகிச்சைக்கும் சேர்த்து ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய்வரை உதவும்; பல்லுக்கு அதில் ஒரு பகுதிதான். ஆட்டிசம் அதில் அடங்கும். மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் கையில் இருக்கட்டும்.