கதை கேட்டே பேராசிரியர் ஆகலாம்

நீலகிரியின் சோலூரில் வளரும் பிள்ளைக்கு நாட்டுப்புற வழக்காற்றியல் ஆய்வுக்கான கொடுப்பினை பிறப்பிலேயே உண்டு. சுற்றிலும் படுகர்களின் ஊர்களான ஹட்டிகள், தோடர்களின் ஊர்களான மந்துகள், பக்கத்திலேயே கோத்தர்களின் ஊரான சோலூர் கோக்கால். அப்படியிருந்தும் முதுகலை முடித்த பிள்ளைகள் ஆய்வுத் தலைப்புக்காக வெளியூர் நூலகங்களில் அலைவதைப் பார்த்தால் மனம் பொறுப்பதில்லை.

படிப்பு வழி எளிது: முதுகலை, நெட் அல்லது செட், பிறகு முனைவர் பட்டம். நெட் தேர்வில் நாட்டுப்புற இலக்கியம் தனிப் பாடமாகவே இருக்கிறது. ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய். உதவிப் பேராசிரியருக்கு யு.ஜி.சி. விகிதப்படி தொடக்க அடிப்படை ஊதியம் 57,700. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகமும் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியும் நாட்டுப்புறவியலில் பேர்பெற்றவை. ஆனால் நாட்டுப்புறவியல் என்றே அறிவிப்பு வரும் பணியிடம் அபூர்வம். வரலாற்றிலோ தமிழிலோ தகுதி பெற்றுக்கொண்டு ஆய்வை இதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கதை கேட்டு எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு மொழியியலாளர் எம்.பி. எமனோ சாட்சி. 1935 முதல் 1938 வரை இந்தியாவில் தங்கி நீலகிரி மொழிகளைப் பதிவுசெய்தவர். கோத்தர் ஆசிரியரான சுள்ளி சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொண்ட கதைகள் 1944–46இல் கலிஃபோர்னியாவில் ‘கோத்தா டெக்ஸ்ட்ஸ்’ என வெளிவந்தன. பின்னாளில் பெர்க்லியில் மொழியியல் துறையை நிறுவியவர் அவரே. இன்னொரு மொழியறிஞரான பரோவுடன் சேர்ந்து 1961இல் திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியையும் தந்தார். அந்தக் கோத்தர் கதைகளில் சரிபாதி உரிமை சுள்ளிக்கு என்பேன். உங்கள் ஆய்வேட்டில், கதை சொன்னவர் சம்மதித்தால், அவர் பெயரை முன்பக்கத்திலேயே போடுங்கள். ‘தகவலாளி 1’ என்று பின்னிணைப்பில் தள்ளுவது அநியாயம்.

மொழி தெரியாமல் களத்துக்குப் போகாதீர்கள். முறை தெரியாமலும் போகாதீர்கள். கோத்தர் இசையில் சாமிக்கு வாசிக்கும் மெட்டு வேறு, சாவுக்கு வாசிக்கும் மெட்டு வேறு. ஹார்வர்டு பேராசிரியர் ரிச்சர்ட் வுல்ஃப் இதைத் தம் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். நல்ல நாளில் வீட்டுக்குள் போய், கைப்பேசியை நீட்டி, சாவு மெட்டை வாசித்துக் காட்டச் சொன்னால் அடுத்த முறை கதவு திறக்காது.

பதிவு செய்யும்போது சொன்னவர் பெயர், வயது, கேரி (தெரு), தேதி, உடனிருந்தவர்கள் எல்லாவற்றையும் அன்றைக்கே எழுதிவிடுங்கள். எதை வெளியே காட்டலாம், எதைக் காட்டக்கூடாது என்று சொன்னவரையே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். முத்தோரை பாலாடாவில் உள்ள பழங்குடியினர் ஆய்வு மையத்துக்குப் போய், ஏற்கெனவே நடந்த ஆய்வுகளைத் தலைப்பு முடிவாகும் முன்பே விசாரியுங்கள். ஒலிப்பதிவின் ஒரு படியைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்கும் நாளிலேயே இன்னொரு படி அந்த ஊர்க்காரர்கள் கைக்குப் போய்ச் சேரட்டும்.