சொன்னதைச் சொல்லும் விதம்

ஈஸ்ட் ஹாம், லண்டன்

அன்புள்ள கயல்,

உன் கடிதம் வந்தது. ஐம்பது வாக்கியங்களைக் கொடுத்து, டைரக்ட் ஸ்பீச்சை இன்டைரக்ட் ஸ்பீச்சாக மாற்றிவரச் சொன்னார்களாம். முப்பதைத் தாண்டும்போது எல்லாம் ஒன்றுபோலத் தெரிய, நோட்டை மூடி வைத்துவிட்டாயாம். கடைசி வரியில் ஒரு கேள்வியும் கேட்டிருக்கிறாய்: "அவர் சொன்னது 'டுமாரோ'தானே அத்தை, நான் எதற்கு அதை 'தி நெக்ஸ்ட் டே' ஆக்க வேண்டும்?"

விதியைச் சொல்லி இந்தக் கேள்வியை மூடிவிட எனக்கு மனமில்லை. அதனால்தான் இவ்வளவு நீளக் கடிதம்.

முதலில் நம் வீட்டுப் பேச்சையே எடுத்துக்கொள். திங்கட்கிழமை உன் அப்பா போனில் என்னிடம், "நாளைக்குத் திருச்சி போறேன்" என்றான். வியாழக்கிழமை நீ என்னைக் கூப்பிடுகிறாய். "நாளைக்குத் திருச்சி போறேன்னு அண்ணன் சொன்னான்" என்று நான் சொன்னால் நீ என்ன கேட்பாய்? "எப்போ சொன்னாரு?" என்றுதானே? தமிழில் 'என்று' என்ற சொல், ஒட்டிய உறையைப் பிரிக்காமல் கைமாற்றுவது போன்றது. உள்ளே இருக்கும் 'நான்', 'நாளை' எல்லாம் சொன்னவருக்கே உரியவை. அவர் எப்போது சொன்னார் என்பதைக் கேட்பவர்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆனால் நம்மிடம் இன்னொரு வழியும் இருக்கிறது. "தான் மறுநாள் திருச்சி போவதாக அண்ணன் சொன்னான்." இங்கே 'நான்' 'தான்' ஆகிவிட்டது, 'நாளை' 'மறுநாள்' ஆகிவிட்டது, 'போறேன்' 'போவதாக' ஆகிவிட்டது. உறையைப் பிரித்துப் படித்துவிட்டு, நான் நிற்கும் இடத்திலிருந்து என் சொற்களில் சொல்கிறேன். செய்தித்தாளில் அமைச்சர் பேச்சு வரும் பக்கத்தைப் பார். முழுக்க இந்த 'ஆக'தான். இலக்கண ஆசிரியர்கள் அயற்கூற்று என்பது இதைத்தான். போதாததற்கு, மேலே 'சொன்னார்களாம்', 'வைத்துவிட்டாயாம்' என்று எழுதினேனே, அந்த 'ஆம்' ஒன்றே போதும், இது நான் கண்டதல்ல, கேள்விப்பட்டது என்று சொல்லிவிடும். ஆங்கிலத்தில் அப்படி ஒட்டிக்கொள்ளும் விகுதி கிடையாது. காலத்தையும் இடத்தையும் வினையையும் மாற்றித்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டும்.

உன் பாடப்புத்தகத்தில் 'நவ்' என்பது 'தென்' ஆகும், 'ஹியர்' 'தேர்' ஆகும், 'திஸ்' 'தட்' ஆகும் என்று ஒரு பட்டியல் இருக்கும். அதை மனப்பாடம் செய்யாதே. நீ சின்ன வகுப்பிலேயே படித்த சுட்டெழுத்துதான் அது. இப்போது அப்போது, இங்கே அங்கே, இது அது. அண்மைச்சுட்டு சேய்மைச்சுட்டாகிறது, அவ்வளவுதான். பேசியவர் நின்ற இடத்தை விட்டு நீ தள்ளி நிற்கிறாய். 'இஸ்' 'வாஸ்' ஆவதும், 'வில்' 'வுட்' ஆவதும் அதே காரணத்தால்தான். காலத்திலும் ஓர் அடி பின்னால் வைக்கிறார்கள்.

இதை நான் வகுப்பில் கற்கவில்லை. இங்கே ஒரு பள்ளியின் நிர்வாகக் குழுவுக்கு (உறுப்பினர்களை 'கவர்னர்' என்பார்கள்) க்ளார்க்காக இருந்தபோது கற்றேன். கூட்டம் நடக்கும்போது குறிப்பெடுத்து, பிறகு மினிட்ஸ் எழுத வேண்டும். பிரிட்டனில் பள்ளிக்கூடம், நகராட்சி, தொண்டு நிறுவனம், தெருவாசிகள் சங்கம் எதுவானாலும் மினிட்ஸ் இல்லாமல் நகராது. அது முழுக்க முழுக்க ரிப்போர்ட்டட் ஸ்பீச். "தி சேர் செட் தட்...", "எ கவர்னர் ஆஸ்க்ட் வெதர்...", "இட் வாஸ் அக்ரீட் தட்..." என்றுதான் ஒவ்வொரு வரியும் தொடங்கும். அடுத்த கூட்டத்தில் முதல் வேலையாக அதைப் படித்து, சரிதான் என்று ஏற்று, தலைவர் கையெழுத்துப் போடுவார். அதன்பின் அதுதான் சாட்சி.

என் முதல் ஆண்டில் ஒரு கூட்டம். மைதானத்து வேலி உடைந்திருப்பதைப் பற்றி ஒருவர் கேட்டார். தலைவர் சொன்னது: "வி வில் லுக் அட் இட் நெக்ஸ்ட் டேர்ம்." நான் எழுதியது: "தி சேர் ப்ராமிஸ்ட் தட் தி ஃபென்ஸ் வுட் பி ரிப்பேர்ட் நெக்ஸ்ட் டேர்ம்." காலம் சரி. 'வில்' 'வுட்' ஆகிவிட்டது. உன் பரீட்சையில் பாதி மதிப்பெண்ணாவது போட்டிருப்பார்கள். ஆனால் அந்த வரியில் இரண்டு பெரிய பிழைகள் இருந்தன. பார்க்கிறோம் என்றவரைச் செய்து தருவதாக வாக்குக் கொடுத்தவராக ஆக்கிவிட்டேன். அடுத்த கூட்டத்தில் ஒரு பெற்றோர் அந்த வரியைக் காட்டி நியாயம் கேட்டபோது, தலைவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமில்லை, இருந்தாலும் இன்றுவரை மறக்கவில்லை. இரண்டாவது பிழை 'நெக்ஸ்ட் டேர்ம்'. ஓராண்டு கழித்து அந்தக் காகிதத்தைப் படிப்பவருக்கு எது அடுத்த பருவம்? அன்று மாலை வரியைத் திருத்தினேன்: "தி சேர் செட் தட் தி கவர்னர்ஸ் வுட் லுக் அட் தி மேட்டர் தி ஃபாலோயிங் டேர்ம்." உன் கேள்விக்கு விடை இதுதான் கயல். 'டுமாரோ' மாறுவது இலக்கணத்தின் பிடிவாதத்தால் அல்ல. படிப்பவர் வேறொரு நாளில் இருக்கிறார்.

இந்த நாட்டில் அயற்கூற்றுக்கு ஒரு வீரமான சரித்திரமே உண்டு. 18ஆம் நூற்றாண்டில் நாடாளுமன்றத்தில் பேசியதை வெளியே அச்சிடுவது குற்றம். பத்திரிகைகள் சும்மா இருக்குமா? ஜென்டில்மேன்ஸ் மேகஸின், லில்லிபுட் என்ற கற்பனை நாட்டு மன்றத்தின் விவாதம் என்று பெயர் மாற்றிப் போட்டது. 1741 முதல் 1744 வரை அதை எழுதியவர், பிற்பாடு அகராதி தொகுத்துப் பெயர் பெற்ற சாமுவேல் ஜான்சன். அவர் அவைக்குப் போய்க் கேட்டு எழுதவில்லை. மற்றவர்கள் கொண்டுவந்த துண்டுக் குறிப்புகளை வைத்துக்கொண்டு, பேச்சுகளைத் தன் மொழியிலேயே எழுதினார். மக்கள் அவற்றை உண்மையான பேச்சென்று நம்புகிறார்கள் என்று தெரிந்தபோது அவருக்கு உறுத்தியது. சொல்லாததைச் சொன்னதாக எழுதிவிட்டோமே என்ற அந்த உறுத்தல், எழுதுகிற ஒவ்வொருவருக்கும் வேண்டும் என்பது என் எண்ணம். 1771இல் அச்சிட்டவர்களைப் பிடிக்க நாடாளுமன்றம் ஆள் அனுப்பியது. லண்டன் மேயர் ப்ராஸ் க்ராஸ்பி அவர்களுக்குத் துணைநின்று, அதற்காக லண்டன் டவரில் சிறை வைக்கப்பட்டார். ஊரே அவர் பக்கம் திரண்டது. அதற்குப் பிறகு தடை ஏட்டில் மட்டுமே இருந்தது. 1830களில் சார்ல்ஸ் டிக்கன்ஸ் இருபது வயதை ஒட்டிய இளைஞராக அவையின் மாடத்தில் உட்கார்ந்து, சுருக்கெழுத்தில் இதே வேலையைச் செய்தார்.

அந்த நடவடிக்கைப் பதிவுக்கு ஹான்சர்ட் என்று பெயர். தாமஸ் கர்ஸன் ஹான்சர்ட் என்ற அச்சகக்காரரின் பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. 19ஆம் நூற்றாண்டுத் தொகுதிகளைத் திறந்தால் பல பேச்சுகள் அயற்கூற்றில் இருக்கும். உறுப்பினர் தாம் இவ்வாறு கருதுவதாகச் சொன்னார், அமைச்சர் அதை மறுத்தார் என்ற தோரணை. 1909இல் நாடாளுமன்றமே சொந்தமாகப் பதிவாளர்களை வைத்துக்கொண்டது. அன்றிலிருந்து பேச்சு தன்மையிலேயே, ஏறக்குறைய முழுமையாக வருகிறது. திரும்பத் திரும்பச் சொன்னதை நீக்குவார்கள். பழைய தொகுதிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. உன் ஐம்பது வாக்கியங்களைவிட அவற்றில் ஒரு பக்கம் மேல்.

அவைக்குள் பேச்சே பாதி அயற்கூற்றுதான். எதிரே இருப்பவரைப் பார்த்து 'யூ' என்று சொல்லக் கூடாது. சபாநாயகரைப் பார்த்து, இன்ன தொகுதியின் மாண்புமிகு உறுப்பினர் இப்படிச் சொல்கிறார் என்று படர்க்கையில் சொல்ல வேண்டும். நம் சட்டமன்றத்தில் "மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே" என்று தொடங்குகிறார்களே, அந்த வழக்கத்தின் வேர் இங்கே இருக்கிறது. ஒருவரைப் பொய்யர் என்றால் சபாநாயகர் திரும்பப் பெறச் சொல்வார். அதை நீ எழுதும்போது "தி ஸ்பீக்கர் ஆஸ்க்ட் தி மெம்பர் டு வித்ட்ரா தி ரிமார்க்" என்று எழுது. கட்டளையும் வேண்டுகோளும் இப்படி 'டு' சேர்த்துத்தான் மாறும். 'தட்' அங்கே வராது.

கட்டளை என்றதும் பாதாள ரயில் நினைவுக்கு வருகிறது. ரயிலுக்கும் மேடைக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் கவனிக்கச் சொல்லி 'மைண்ட் தி கேப்' என்று ஒரு குரல் ஒலிக்கும். "தி வாய்ஸ் வார்ன்ட் பாசெஞ்சர்ஸ் டு மைண்ட் தி கேப்" என்று நீ எளிதாக மாற்றிவிடுவாய். எம்பேங்க்மென்ட் நிலையத்தில், நார்தர்ன் லைனில் வடக்கு நோக்கிப் போகும் ரயில்களுக்கான மேடையில் மட்டும் அந்தக் குரல் வேறு. அது ஆஸ்வால்ட் லாரன்ஸ் என்ற நடிகருடையது. அவர் 2007இல் இறந்த பிறகும், அவர் மனைவி அந்த மேடையில் உட்கார்ந்து கணவரின் குரலைக் கேட்டுவிட்டுப் போவார். ஒருநாள் புதிய கருவி வந்து அந்தக் குரல் நின்றுபோயிற்று. அவர் நிர்வாகத்திடம் போய், அந்தப் பதிவு தனக்குக் கிடைக்குமா என்று கேட்டார். 2013இல், பதிவைக் கொடுத்ததோடு அந்த மேடையில் குரலையும் திரும்ப ஒலிக்கவிட்டார்கள். இன்றும் அந்த மேடையில் இறங்கினால் ஒரு ரயிலை விட்டுவிட்டு நிற்பேன். ஒரு கேள்வி அயற்கூற்றில் எப்படி அடங்குகிறது என்று இதிலேயே பார்: "ஷி ஆஸ்க்ட் இஃப் ஷி குட் ஹாவ் எ காப்பி ஆஃப் தி ரெக்கார்டிங்." கேள்விக்குறி போய்விட்டது, சொற்களின் வரிசை சாதாரண வாக்கியத்தின் வரிசையாகிவிட்டது. கேட்டவரின் குரல் நடுங்கியதா என்பதும் போய்விட்டது. அது வேண்டுமென்றால் நீதான் சேர்க்க வேண்டும்.

எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளவும் வேண்டாம். தேம்ஸ் படகில் வழிகாட்டி, கடலின் ஏற்றவற்றம் டெடிங்டன் வரை தெரியும் என்றார். அது நேற்றும் உண்மை, இன்றும் உண்மை. "தி கைட் செட் தட் தி தேம்ஸ் இஸ் டைடல் அஸ் ஃபார் அஸ் டெடிங்டன்" என்று 'இஸ்' போட்டாலும் தவறில்லை. 'வாஸ்' என்று போட்டே தீர வேண்டும் என்று யாராவது வற்புறுத்தினால் பரீட்சைவரை அப்படியே எழுது, மனத்தில் இதை வைத்துக்கொள்.

கடினமான பகுதி இந்த ஊர்க்காரர்களுடைய மரியாதைப் பேச்சு. பேருந்தில் ஒருவர் காலை நான் மிதித்துவிட்டேன். அவர் என்னிடம் "ஸாரி" என்றார்! "ஹி அபாலஜைஸ்ட்" என்று எழுதினால் தவறு அவருடையது என்று ஆகிவிடும். "ஹி செட் ஸாரி, தோ ஐ ஹாட் ஸ்டெப்ட் ஆன் ஹிஸ் ஃபுட்" என்று எழுதினால்தான் நடந்தது தெரியும். "வுட் யூ மைண்ட் மூவிங் யுவர் பேக்?" என்பது கேள்வி போல இருக்கும். அது கேள்வியல்ல, பையை எடுங்கள் என்பதுதான். "ஷி ஆஸ்க்ட் மி டு மூவ் மை பேக்" என்றே எழுது. வந்த புதிதில் பக்கத்து வீட்டு அம்மா, "யூ மஸ்ட் கம் ரவுண்ட் ஃபார் டீ ஸம்டைம்" என்றார். 'மஸ்ட்' என்றாரே என்று, அவர் என்னைக் கட்டாயம் வரச் சொல்லியிருப்பதாக வீட்டில் சொன்னேன். நாள் குறிப்பார் என்று வாரக்கணக்கில் காத்திருந்தேன். 'ஸம்டைம்' என்ற சொல்லை நான் கவனிக்கவில்லை. அது அழைப்பல்ல, அன்பு. "ஷி செட் வி ஷுட் ஹாவ் டீ டுகெதர் ஸம்டைம்" என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. (வடக்கு இங்கிலாந்தில் பல வீடுகளில் 'டீ' என்றால் மாலைச் சாப்பாடே. அங்கே போகும்போது வயிற்றில் இடம் வைத்துக்கொண்டு போ.)

அதனால் 'செட்' என்ற சொல்லை அற்பமாக நினைக்காதே. தெரியாதபோது அதுதான் நேர்மையான சொல். 'அட்மிட்டட்' என்றால் குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்கிறாய். 'க்ளெய்ம்ட்' என்றால் நீ நம்பவில்லை என்கிறாய். 'இன்சிஸ்டட்' என்றால் யாரோ மறுத்திருக்க வேண்டும். இவற்றில் ஒன்றை எழுதும்முன், அந்த இடத்தில் நான் இருந்தேனா, அப்படித்தான் கேட்டேனா என்று யோசி.

இனி பயிற்சி. அவை கூடும் காலத்தில் புதன்கிழமைதோறும் இங்கே நண்பகல் 12 மணிக்குப் பிரதமரிடம் கேள்வி கேட்பார்கள். உங்களுக்குக் கோடையில் மாலை 4.30, குளிர்காலத்தில் 5.30. இணையத்தில் நேரடியாக வரும். மூன்று கேள்வி, மூன்று பதில் மட்டும் கேள். உடனே எழுதாதே, இரவு சாப்பிட்ட பிறகு நினைவிலிருந்து அயற்கூற்றில் எழுது. அதற்குள் ஹான்சர்டில் அன்றைய பதிவு வந்திருக்கும், ஒப்பிட்டுப் பார். உன் காலப் பிழைகளைவிட, நீ யாருடைய வாயில் எதை வைத்திருக்கிறாய் என்பதைத்தான் முதலில் தேடு.

இன்னொன்றும் செய். போன ஞாயிற்றுக்கிழமை அம்மா, அதாவது உன் பாட்டி, வீட்டை விற்பது பற்றி என்னிடம் நெடுநேரம் பேசினார். நீயும் பக்கத்தில்தான் இருந்தாய், ஸ்பீக்கரில் உன் குரல் கேட்டது. அவர் சொன்னதை ஆங்கில அயற்கூற்றில் பத்து வரி எழுதி அனுப்பு. நானும் எழுதி, உறையில் போட்டு ஒட்டி வைத்திருக்கிறேன். உன்னுடையது வந்த பிறகுதான் பிரிப்பேன்.

அன்புடன்,
அத்தை