தூக்கத்தை எழுதிக் காட்டும் நெற்றிப்பட்டை

ஊரில் இருக்கும் பெற்றோருக்கு இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, சர்க்கரை பார்க்கும் கருவி என்று வாங்கி அனுப்பி வந்த நம் குடும்பங்களில், இப்போது தூக்கம் பார்க்கும் கருவியைப் பற்றியும் பேச்சு அடிபடுகிறது. இரவில் நெற்றியில் கட்டிக்கொண்டு படுத்தால், மூளையின் மின் அலைகளைக் குறித்து வைத்து, "ஆழ்ந்த தூக்கம் இவ்வளவு, கனவுத் தூக்கம் இவ்வளவு" என்று காலையில் கைத்தொலைபேசியில் காட்டும் பட்டை அது. அது எப்படி வேலை செய்கிறது, எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதே இம்முறை நம் அறிவியல் பாடம். பெரிய வகுப்புப் பிள்ளைகளும் பெற்றோரும் சேர்ந்து படிக்கலாம்.

மூளையில் மின்சாரமா?

ஆம். மூளையின் நரம்பணுக்கள் மின்குறிகளாலும் வேதிப்பொருள்களாலும் ஒன்றோடொன்று தொடர்பு கொள்கின்றன. பல்லாயிரம் அணுக்கள் ஒரே தாளத்தில் இயங்கும்போது அதன் சாயல் மண்டையோட்டைத் தாண்டித் தலையின் தோல் வரை வருகிறது. அது மிக மிகச் சிறியது. சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் பென்சில் பேட்டரி 1.5 வோல்ட். அதை 30,000 பங்கு வைத்தால் ஒரு பங்கு எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவுதான்.

ஜெர்மனியைச் சேர்ந்த மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1924-இல் இதை முதன்முதலாக மனிதரிடம் பதிவு செய்தார். 1929-இல் உலகுக்கு வெளியிட்டார். மருத்துவமனையில் ஈ.ஈ.ஜி. என்று சொல்வது இதைத்தான்.

நம் பக்கத்துக்கும் இதில் பங்கு உண்டு. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் 1949-இல் டாக்டர் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கினார். அங்கே அவருடன் பணியாற்றிய டாக்டர் பல்தேவ் சிங் பின்னர் தில்லி சென்று, டாக்டர் பி.கே. ஆனந்த் முதலியோருடன் யோகிகளின் மூளை அலைகளை ஆராய்ந்தார். 1961-இல் அந்த ஆய்வு வெளிவந்தது. தியானத்தில் இருந்த யோகிகளிடம் ஆல்ஃபா என்னும் அமைதி அலை தொடர்ந்து ஓடியது. பலத்த ஓசையும் வெளிச்சமும்கூட அதைக் கலைக்கவில்லை.

தூக்கத்தின் படிகள்

1. விழிப்பு: கண் திறந்து வேலை செய்யும்போது நொடிக்கு 13 முதல் 30 வரை விரைவான பீட்டா அலைகள். கண்ணை மூடி ஓய்ந்தால் 8 முதல் 13 வரை ஆல்ஃபா அலைகள்.

2. இலேசான தூக்கம்: அலைகள் மெதுவாகின்றன. இடையிடையே, நூல் நூற்கும் கதிர்போல் நடுவில் பருத்து இருபுறமும் மெலிந்த அலைக்கொத்துகள் தோன்றும்.

3. ஆழ்ந்த தூக்கம்: நொடிக்கு 4-க்கும் குறைவான, உயரமான டெல்டா அலைகள். இந்த நிலையில் எழுப்புவது கடினம். முன்னிரவில்தான் இது மிகுதி.

4. கனவுத் தூக்கம்: மூளை அலைகள் விழித்திருப்பவருடையவைபோல் இருக்கும், மூடிய இமைக்குள் கண்கள் விரைந்து அசையும், உடலோ தளர்ந்து கிடக்கும். சிகாகோவில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் இருவரும் 1953-இல் இதைக் கண்டு எழுதினர். விடியற்காலையில் இது மிகுதி.

இந்தச் சுற்று ஒன்றுக்குச் சுமார் 90 நிமிடம். ஓர் இரவில் நான்கைந்து சுற்றுகள் வரும்.

ஆய்வுக்கூடமும் பட்டையும்

மருத்துவமனைத் தூக்க ஆய்வில் மூளை அலையோடு கண் அசைவு, தாடைத் தசை, இதயத் துடிப்பு, மூக்கில் காற்றோட்டம், மார்பின் ஏற்ற இறக்கம், இரத்தத்தில் ஆக்சிஜன் எல்லாம் பதிவாகும். வல்லுநர் அதை 30 நொடிக்கு ஒரு பக்கமாகப் படிப்பார். எட்டு மணி நேரத்துக்கு 960 பக்கங்கள்!

பட்டை இதில் மூளை அலையை முதன்மையாக எடுத்துக்கொண்டு, படிக்கும் வேலையைக் கணினியிடம் விடுகிறது. கைக்கடிகாரக் கருவிகளோ அசைவையும் நாடித் துடிப்பையும் வைத்துத் தூக்கத்தை ஊகிக்கின்றன. இதுதான் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு.

அமெரிக்காவில் 2009-இல் விற்பனைக்கு வந்த 'சியோ' முன்னோடி. 2013-இல் அது மூடப்பட்ட செய்தி வந்தது. வாங்கியவர்கள் நம்பியிருந்த இணைய சேவையும் நின்றது. கனடாவின் டொராண்டோ நகரத்து 'இன்டராக்சன்' நிறுவனம் 2014-இல் 'மியூஸ்' பட்டையைத் தியானத்துக்கென்று வெளியிட்டு, 2020-இல் தூக்கத்துக்கும் ஏற்ற துணிப்பட்டையைக் கொண்டுவந்தது. பாரிஸில் உருவான 'டிரீம்' பட்டையை 25 பேரிடம் ஆய்வுக்கூடப் பதிவோடு ஒப்பிட்ட ஆய்வு 2020-இல் வந்தது. தூக்கத்தின் படிகளைப் பட்டை 83.5 விழுக்காடு சரியாகச் சொன்னது. ஐந்து வல்லுநர்களின் சராசரி 86.4. படிப்பதில் வல்லுநருக்குச் சற்றே பின்தங்கியது, அவ்வளவுதான். அந்த நிறுவனமும் 2023-இல் அமெரிக்க நிறுவனம் ஒன்றின் கைக்கு மாறியது. ஆகவே பட்டையின் திறமையை மட்டும் பார்க்காமல், விற்றவர் நிலைப்பாரா என்றும் பார்த்து வாங்க வேண்டும்.

பட்டை சொல்லாதவை

எக்ஸ்-ரே படம் எலும்பு எங்கே முறிந்தது என்று காட்டும். எலும்பைக் கூட்டி வைக்காது. புத்தூர்க் கட்டுக்குப் பேர்போன சீமைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பட்டையும் அப்படித்தான். தூக்கம் குறைந்ததைக் காட்டும். ஏன் குறைந்தது என்று சொல்லாது.

புத்தூருக்கு மேற்கே கார்வேட்டிநகரத்தில் வயதான தந்தை ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பலத்த குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறல், பகலில் உட்கார்ந்தபடியே உறக்கம். இது தூக்க மூச்சடைப்பாக இருக்கலாம். இரத்த அழுத்தத்தையும் இதய நோயையும் வளர்க்கக் கூடியது. மூளை அலையை மட்டும் பார்க்கும் பட்டை, மூக்கில் காற்று நின்றதை அறியாது. இவருக்குப் பட்டை வாங்கி அனுப்புவதைவிட, திருப்பதி ஸ்விம்ஸ், வேலூர் சி.எம்.சி. போன்ற பெரிய மருத்துவமனைக்கு அழைத்துப் போக ஆள் ஏற்பாடு செய்வதே உதவி.

இன்னொன்று. வயது ஏற ஏற ஆழ்ந்த தூக்கம் இயல்பாகவே குறையும். எழுபது வயதுத் தாயார் "எனக்கு இவ்வளவுதான் காட்டுகிறது" என்று கலங்கினால், அந்தக் கலக்கமே தூக்கத்தைக் கெடுக்கும். கருவியின் எண்ணைத் துரத்தித் தூக்கம் இழப்பவர்களைப் பற்றி 2017-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதி, அந்நிலைக்குத் தனிப்பெயரே வைத்தார்கள்.

செலவில்லாமல் செய்யக்கூடியவை

தினமும் ஒரே நேரத்தில் எழுவது முதல் படி. காப்பியின் காஃபீன் உடலில் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். மாலை 5 மணிக் காப்பியில் பாதி இரவு 10 மணிக்கும் உடலில் இருக்கும். தூக்க மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் தொடங்கவும் கூடாது, திடீரென நிறுத்தவும் கூடாது.

நம் பங்கும் ஒன்று இருக்கிறது. லண்டனில் குளிர்காலத்தில் மாலை 6 மணிக்கு வேலை முடிந்து தொலைபேசியை எடுத்தால், கார்வேட்டிநகரத்தில் இரவு 11.30. பிள்ளையின் குரலுக்காக அதுவரை விழித்திருப்பவர்கள் "நாங்கள் தூங்கவில்லை, பேசு" என்றுதான் சொல்வார்கள். எந்தப் பட்டையும் இந்தக் காரணத்தைக் கண்டு சொல்லாது. அழைக்கும் நேரத்தை வார இறுதிப் பகலுக்கு மாற்றிக் கொள்வது நம் கையில் இருக்கிறது.

பயிற்சி

1. ஏழு மணி நேரத் தூக்கப் பதிவில் 30 நொடிப் பக்கங்கள் எத்தனை?
2. கார்வேட்டிநகரத்தில் இரவு 7.30-க்குப் பேச, குளிர்காலத்தில் லண்டனில் எத்தனை மணிக்கு அழைக்க வேண்டும்?
3. கைக்கடிகாரக் கருவிக்கும் நெற்றிப்பட்டைக்கும் உள்ள வேறுபாட்டைத் தாத்தா அல்லது பாட்டிக்குத் தமிழில் விளக்குங்கள். அவர்கள் எத்தனை மணிக்குப் படுக்கிறார்கள், இரவில் எத்தனை முறை எழுகிறார்கள் என்று கேட்டு எழுதி வாருங்கள்.

விடைகள்: 1) 840. 2) பிற்பகல் 2 மணி. 3) விடை உங்கள் வீட்டில்.