அண்ணாவியார் காட்டிய வழி



பங்கில் அன்பியம், மரியாயின் சேனை, பள்ளியில் இளம் கிறிஸ்தவ மாணவர் இயக்கம் எனச் சிறு குழுக்கள் பல உள்ளன. தொடக்க நாளில் முப்பது பேர் கூடுகின்றனர். ஓராண்டு கழிவதற்குள் பத்துப் பேரே எஞ்சுகின்றனர். இந்நிலை ஏன்? குழுவைக் கூட்டத் தெரிந்தவர் பலர்; கூட்டிய குழுவைப் பேணத் தெரிந்தவர் சிலரே. அதனைப் பேணும் முறையை, நம் கட்டுமாவடிக் கடலுக்கு அக்கரையில் நடந்த ஒரு வரலாறு கற்பிக்கின்றது.

குருவானவர் இல்லாத காலம்

பாக் நீரிணைக்கு அப்பால் உள்ள யாழ்ப்பாணத்தை 1658-ஆம் ஆண்டு டச்சுக்காரர் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றினர். கத்தோலிக்க குருக்கள் வெளியேற்றப்பட்டனர். அவர்களுக்குப் புகலிடம் தருவதும் குற்றமாயிற்று. ஏறத்தாழ 30 ஆண்டுகள் அங்குள்ள மக்கள் தமக்கெனக் குருவானவர் இன்றி வாழ்ந்தனர். ஆயினும் விசுவாசம் அணைந்துவிடவில்லை. வீடுகளில் மறைவாகக் கூடிச் செபித்து அதனைக் காத்தனர்.

1687-ஆம் ஆண்டு, கோவாவில் பிறந்த யோசேப் வாஸ் அடிகளார் தூத்துக்குடியிலிருந்து கூலியாள் கோலத்தில் அங்குச் சென்றார். கழுத்தில் செபமாலை அணிந்து வீடு வீடாக நடந்தார். அதைக் கண்டு மகிழ்ந்தவர் யார் என்று பார்த்துக் கத்தோலிக்கரை அடையாளம் கண்டார். 1696-ஆம் ஆண்டு வேறு குருக்கள் துணைக்கு வரும் வரை அவர் ஒருவரே அத்தீவு முழுவதற்கும் மேய்ப்பர்.

ஒரே குரு எத்தனை ஊர்களைக் காக்க முடியும்? ஆகவே அவர் ஊர்தோறும் மூப்பரையும் அண்ணாவியாரையும் ஏற்படுத்தினார். மூப்பர் ஊர்ச் சபையின் பொறுப்பாளர். அண்ணாவியார் என்றால் ஆசிரியர் என்று பொருள். ஞாயிறன்று மக்களைக் கூட்டிச் செபம் நடத்துவது, சிறுவர்க்கு ஞானோபதேசம் கற்பிப்பது, இறக்கும் தறுவாயில் இருப்போர் அருகில் இருந்து செபிப்பது, அவசர வேளையில் ஞானஸ்நானம் கொடுப்பது, குருவானவர் வரும் நாளுக்கு மக்களை ஆயத்தப்படுத்துவது ஆகியவை அவர் பணிகள்.

அண்ணாவியார் குருவானவர் அல்லர். ஊராரில் ஒருவர், ஊராரை நன்கு அறிந்தவர். அதுவே அவருடைய வலிமை.

தலைவியின் கடமைகள்

இன்று நம்மிடையே ஆலயமும் உண்டு, குருக்களும் கன்னியரும் உண்டு. ஆயினும் சிறு குழுவை நடத்தும் பெண்ணுக்கு அண்ணாவியாரின் பணியே தரப்பட்டுள்ளது.

1. பெயர் சொல்லி அறிதல். நல்ல ஆயன் தன் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைப்பான் என்று யோவான் நற்செய்தி பத்தாம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் கூறுகிறார். உறுப்பினர் ஒவ்வொருவரின் வீடும் கவலையும் தலைவிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

2. வராதவரைத் தேடுதல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்நாள்களில் மீனவர் இல்லங்களில் கைப்பணம் குறையும். காணிக்கை தர இயலாமல் வெட்கப்பட்டே சிலர் கூட்டத்திற்கு வராதிருப்பர். அவர்களிடம், ‘ஏன் வரவில்லை?’ என்று கணக்குக் கேட்கக் கூடாது. ‘வீட்டில் எல்லோரும் சுகமா?’ என்று விசாரிக்க வேண்டும்.

3. பேசாதவருக்கு இடம் தருதல். அன்பியங்களில் வழங்கும் ஏழு படி நற்செய்திப் பகிர்வு, தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிலையத்தில் உருவானது. ஆண்டவரை அழைத்தல், வாசித்தல், மனத்தில் பதிந்த சொல்லைச் சொல்லுதல், மௌனம், பகிர்தல், செயலைத் தீர்மானித்தல், செபித்தல் என்பன அதன் படிகள். இதில் பிரசங்கத்திற்கும் வாக்குவாதத்திற்கும் இடமில்லை. தலைவி கடைசியாகப் பேசினால் கூச்சமுள்ளவளும் வாய் திறப்பாள்.

4. இரகசியம் காத்தல். செபத்தில் ஒருத்தி சிந்திய கண்ணீர் மறுநாள் தெருக்கதை ஆகுமானால் அக்குழு அன்றே இறந்துவிடும். ஆனால் ஒருத்திக்கு ஆபத்து என்று தெரிந்தால் நம்பிக்கைக்குரிய பெரியவரிடம் உடனே சொல்ல வேண்டும். அந்தச் சுமையைத் தலைவி தனியே சுமக்கலாகாது.

5. சேவைக்கு வழிநடத்துதல். 2018 நவம்பர் 16-ஆம் நாள் கஜா புயல் நம் மாவட்டத்தைத் தாக்கியபோது, இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்று பார்த்துக் கூரைகள் பறக்கவில்லை. அவ்வாறே நம் உதவியும் ஆள் பார்த்துச் செல்லலாகாது.

6. தன் ஆன்மாவைப் பேணுதல். வற்றிய கிணறு பிறர் தாகத்தைத் தீர்க்காது. தலைவி நாள்தோறும் சிறிது நேரம் தனித்திருந்து, உறுப்பினர் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி ஆண்டவரிடம் ஒப்படைக்க வேண்டும்.

7. அடுத்தவரை ஆயத்தப்படுத்துதல். வாஸ் அடிகளார் 1711 ஜனவரி 16-ஆம் நாள் கண்டியில் இறந்தார். அவர் எழுப்பிய சபை அவரோடு முடிந்துவிடவில்லை. தாம் இல்லாதபோதும் பணி நடக்குமாறு அவர் பிறரைப் பழக்கியிருந்தார். 2015 ஜனவரி 14-ஆம் நாள் கொழும்பில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். ‘நான் இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது’ என்று பெருமை கொள்ளும் தலைவி தன் குழுவைப் பேணவில்லை; தன் பெயரையே பேணுகிறாள்.

சிந்தித்து விடை காண்க

1. உங்கள் குழுவில் சென்ற மாதம் வராதவர் யார்? அவர் வீட்டுக்கு யார் சென்றார்?

2. இதுவரை வாய் திறவாத உறுப்பினர் யார்? அவர் பேச நீங்கள் என்ன செய்யலாம்?

3. நாளை நீங்கள் வேறு ஊருக்குச் சென்றால் குழுவை நடத்துபவர் யார்?

முதல் கேள்விக்குரிய விடையை ஏட்டில் எழுத வேண்டாம். இன்று மாலையே அவ்வீட்டிற்குச் சென்று வாருங்கள்.