சைக்கிள் மேல் போடும் பழி

மலையடிவாரத்து மண் பாதைகளை எல்லாம் சைக்கிள்காரர்கள் அழித்துவிட்டார்கள் என்ற பேச்சு திருப்பதி, சந்திரகிரி, சித்தூர் என்று எங்கே போனாலும் காதில் விழுகிறது. காலை நடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இதைச் சொல்கிறார்கள். முரட்டு டயர் மண்ணைக் கிளறுகிறதாம், கிளறிய மண்ணை அடுத்த மழை அடித்துப் போகிறதாம், சைக்கிளை நிறுத்திவிட்டால் பாதை பிழைத்துக்கொள்ளுமாம். முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் விழுந்த ஒற்றையடிப் பாதையின் படம் ஒன்று வாட்ஸ்அப்பில் வரும். அதன் கீழே சைக்கிள் பையன்களுக்கு நாலு வசவும் இருக்கும். மண் அரிப்பைப் பார்ப்பதே என் தொழில். அந்தப் பள்ளத்தை எந்த டயரும் வெட்டவில்லை. மழைத் தண்ணீர் வெட்டியது.

ஸ்ரீவாரி மெட்டுக்கு 2021 நவம்பரில் நேர்ந்ததை இவ்வளவு சீக்கிரம் மறந்துவிட்டோமா? சீனிவாச மங்காபுரத்துக்கு அருகிலிருந்து திருமலைக்கு ஏறும் அந்தப் பாதையில் சுமார் 2,400 படிகள் உண்டு. மண் பாதைகூட இல்லை, கட்டிய படிகள். அந்த நவம்பர் மழையில் வந்த வெள்ளம் படிகளையே பெயர்த்துப் போட்டது. மூடிய வழி மறுபடி பக்தர்களுக்குத் திறந்தது 2022 மே மாதத்தில்தான். அந்தப் படிகளில் எந்தச் சைக்கிள் ஏறி இறங்கியது? கல் படிக்கே அந்தக் கதி என்றால், சரிவில் நேராக இறங்கும் செம்மண் தடம் எம்மாத்திரம்?

கணக்கு எளிது. 200 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலமுள்ள தடத்தில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால், தடத்தின் மேல் மட்டும் விழும் தண்ணீர் 10,000 லிட்டர். இரு பக்கச் சரிவிலிருந்தும் வந்து சேர்வது தனி. நடந்து நடந்து இறுகிய தடம் தண்ணீரைக் குடிக்காது. பக்கத்து மேடு வெளியே விடாது. அதனால் அத்தனையும் தடத்திலேயே ஓடும், இறங்க இறங்க வேகம் பிடிக்கும். ஓடும் நீரின் வேகம் இரண்டு மடங்கானால், அது உருட்டக்கூடிய கல்லின் எடை 64 மடங்காகும் என்பது நீரியலில் பழைய பாடம். மேலே மணலை நகர்த்திய அதே தண்ணீர் கீழே பாறைத் துண்டைப் புரட்டுவது இதனால்தான்.

அப்படியும் நம்பாதவர்களுக்கு இரண்டு ஆய்வுகளைச் சொல்கிறேன். அமெரிக்காவின் மொன்டானா மலைத் தடங்களில் வில்சன், சீனி என்ற இருவர் நடப்பவர்கள், குதிரைகள், மோட்டார் சைக்கிள்கள், மலை சைக்கிள்கள் ஆகிய நான்கையும் ஓடவிட்டுச் செயற்கை மழை பெய்வித்து அளந்து, 1994இல் முடிவை வெளியிட்டார்கள். சக்கரங்கள் பெயர்த்ததைவிடக் குளம்பும் காலும் பெயர்த்த மண்ணே அதிகம். ஈரத் தடத்தில் அந்த வேறுபாடு இன்னும் கூடுதல். கனடாவின் ஒன்டாரியோவில் தர்ஸ்டன், ரீடர் இருவரும் காட்டுத் தரையில் 500 தடவை வரை நடக்கவிட்டும் சைக்கிள் ஓட்டவிட்டும் பார்த்து 2001இல் எழுதினார்கள். செடி அழிந்ததிலும் மண் வெளிப்பட்டதிலும் இரண்டுக்கும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. நடப்பவர்களைக் குற்றவாளியாக்க இதைச் சொல்லவில்லை. சைக்கிளுக்குத் தடை கேட்டு மனு எழுதும் நேரத்தில் மண்வெட்டியைக் கையில் எடுத்திருந்தால் இந்நேரம் பாதை நன்றாக இருந்திருக்கும், அந்த ஆத்திரம்தான்.

மண்வெட்டியால் என்ன செய்வது? முதலில், தடம் சரிவில் நேராக இறங்கக் கூடாது. குறுக்கே சாய்ந்து போக வேண்டும். உலகம் முழுக்க மலை சைக்கிள் தடம் போடுகிறவர்கள் வைத்திருக்கும் விதி, தடத்தின் ஏற்றம் மலைச் சரிவின் ஏற்றத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது. மலை 30 சதவீதம் சரிந்தால் தடம் 15க்குள் நிற்க வேண்டும். மொத்தச் சராசரி 10 சதவீதத்தைச் சுற்றி இருந்தால் நல்லது. அடுத்து, தடத்தின் வெளி விளிம்பு உள்விளிம்பைவிடக் கொஞ்சம் தாழ்ந்திருக்க வேண்டும், மீட்டருக்கு 5 சென்டிமீட்டர் போதும். ஆட்கள் நடந்து நடந்து நடுவில் குழிந்து, வெளிப்பக்கம் வரப்புபோல மண் சேர்ந்திருக்கும். அந்த வரப்பை வெட்டி எடுப்பதுதான் பராமரிப்பில் முக்கால் பங்கு. மூன்றாவது, ஏறிக்கொண்டே போகும் தடம் ஆங்காங்கே சற்று இறங்கி மறுபடி ஏற வேண்டும். அந்தத் தாழ்வில் தண்ணீர் தானாக வெளியேறிவிடும். சைக்கிளில் வருகிறவருக்கு அந்த இறக்கமும் ஏற்றமும்தான் சுகம். 1944இல் திறந்த திருமலையின் முதல் மலைச் சாலையைக் கவனித்துப் பாருங்கள். அது மலையை நேராக ஏறவில்லை, வளைந்து வளைந்து ஏறுகிறது. பக்கத்தில் வடிகால், குறுக்கே சிறு பாலங்கள். லாரிக்கு ஒரு நியாயம், சைக்கிளுக்கு வேறு நியாயமா?

சைக்கிள்காரர்கள் இதைப் படித்துவிட்டுத் தலை நிமிர்ந்து நடக்க வேண்டாம். இறக்கத்தில் பின் பிரேக்கை இறுக்கிச் சக்கரத்தைப் பூட்டி, புழுதி பறக்க வழுக்கிக்கொண்டு போய் வீடியோ எடுக்கிறீர்களே, அந்தக் கோட்டில்தான் அடுத்த மழையின் தண்ணீர் முதலில் இறங்கும். பிரேக்கை அமுக்கிப் பூட்டினால் வண்டி சீக்கிரம் நிற்கும் என்பதும் பொய். உருளும் சக்கரத்துக்குத்தான் பிடிமானம். இரண்டு பிரேக்கையும் அளவாகப் பிடித்து, உடம்பைப் பின்னால் தள்ளி, வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள்.

மழை பெய்த மறுநாள் மண் மெத்தென்று இருக்கும், அன்றைக்கு ஓட்டுவதே நல்லது என்கிறார்கள். குதிகால் முழுதாகப் பதிந்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு போங்கள். காய்ந்த பிறகு வாருங்கள். சேற்றைச் சுற்றிப் போனால் பாதைக்கு நல்லதாம். சுற்றிச் சுற்றித்தான் ஒரு முழப் பாதை மூன்று முழமாகிறது. நடுவிலேயே போங்கள், பிறகு அந்தச் சேற்றுக்கு ஒரு வடிகால் வெட்டுங்கள். சிமென்ட் போட்டால் தீர்ந்துவிடும் என்கிறவர்களுக்கு ஸ்ரீவாரி மெட்டையே மறுபடி காட்டுகிறேன்.

சைக்கிள் சத்தமில்லாமல் போவதால் விலங்குகளுக்குத் தொந்தரவில்லை என்ற பேச்சை மட்டும் சும்மா விட முடியாது. சத்தமில்லாமல் வேகமாக வந்து முன்னால் நிற்பதுதான் ஆபத்து. 2023 ஆகஸ்டில் திருமலைக்கு ஏறும் அலிபிரி நடைபாதையில் ஆறு வயதுக் குழந்தையைச் சிறுத்தை கொன்றது இதே மலையில்தான். பலமனேர், குப்பம் பக்கம் கௌண்டின்யா சரணாலயத்து யானைகள் நடமாடுகின்றன. விடியலிலும் அந்தியிலும் காட்டோரத்தில் ஓட்டாதீர்கள். வளைவுகளில் மணி அடியுங்கள்.

காட்டில் பாதை இருந்தால் யாரும் போகலாம் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். இந்த மலைகளில் உள்ள ஸ்ரீவெங்கடேஸ்வரா தேசியப் பூங்காவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் செல்லும். வனத்துறை அனுமதியில்லாமல் உள்ளே போவதே குற்றம். செம்மரக் கடத்தலைத் தடுக்கக் காவல் போட்டிருக்கும் காட்டில் முதுகுப் பையோடு திரிகிற அந்நியனை யாரும் விளையாட்டு வீரனாகப் பார்க்க மாட்டார்கள். ஓட்டுவதற்கு ஏரிக்கரைகளும் ஊர்ப் பொது நிலத்து வண்டித் தடங்களும் ஏராளம் கிடக்கின்றன. அங்கேயும் ஊராட்சியில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மண்வெட்டியை எடுத்துப் போங்கள்.

போனால் செப்டம்பரில் போங்கள். மே மாதத்துச் செம்மண்ணில் கடப்பாரையே தெறிக்கும். தென்மேற்குப் பருவமழையில் நனைந்து, வடகிழக்கு இறங்குவதற்கு முன்னால் மண் பதமாக இருக்கும். தடத்து வடிகாலை வெட்டியதும் வீட்டுக்குக் கிளம்பிவிடாமல், அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று கீழே நடந்து பாருங்கள். பெரும்பாலும் ஏதாவதோர் ஏரியின் வரத்துக் கால்வாயில் போய்ச் சேரும். அந்தக் கால்வாயைப் பாருங்கள்: சீமைக் கருவேல் அடைத்து, வண்டல் மேடிட்டு, பாதியை யாரோ வயலோடு சேர்த்து உழுதிருப்பார்கள். 2021 நவம்பரில் ராயலசெருவு ஏரிக் கரையில் நீர் கசிந்து, கீழே இருந்த ஊர்களையே காலி செய்ய வேண்டி வந்தது. அந்த ஒரு வாரம் எல்லோரும் ஏரிகளைப் பற்றிப் பேசினார்கள். கலங்கலும் வரத்துக் கால்வாயும் எங்கே இருக்கின்றன என்று தங்கள் ஊர் ஏரியைப் போய்ப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? சைக்கிள் குழுக்களில் இளைஞர்கள் இருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை காலை நேரமும் இருக்கிறது. தடத்தில் இரண்டு மணி நேரம் வேலை செய்தால் கால்வாயில் ஒரு மணி நேரம் செய்யுங்கள். நடைக்கு வரும் பெரியவர்களையும் கூப்பிடுங்கள். அந்தக் கால்வாய் எந்த வழியாக ஓடியது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.